ஓசூர் ரோட்டில் ஒதுங்கக் கூடாத சாப்பாட்டுக் கடைகள்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த விடுதியை விட்டு விலகி நடந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை. ஓடினால் எதையோ திருடிக்கொண்டு போகிறவன் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். தோளில் கான்வாஸ் பை, பைக்குள் டிக்டிக்கென்று ஓர் அலாரம் கடிகாரம், கக்கத்தில் குடை, கழுத்து முழுக்க மூட்டைப்பூச்சி கடித்த தடிப்பு. விடுதிக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"மலாயா சாமி, காப்பியாவது குடிச்சிட்டுப் போங்க."

அந்தக் காப்பிக்குப் பயந்துதான் நடையை எட்டிப் போட்டேன்.

முதல் நாள் மாலை அங்கே போய் உட்கார்ந்ததும் சர்வர் என் முன்னால் நின்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: இட்லி, தோசை, ஊத்தப்பம், பூரி, உப்புமா, வடை, போண்டா. தோசை கேட்டேன். இல்லை என்றார். பூரி? இல்லை. வடை? அதுவும் இல்லை.

"அப்புறம் எதுக்குச் சொன்னீங்க?"

"எங்க கடையில இன்னா இன்னா செய்வோம்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார். அவருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்கூட.

கடைசியில் உப்புமா வந்தது. நான் மலாயாக்காரன் என்று கேள்விப்பட்ட முதலாளி, வெளிநாட்டிலிருந்து வந்தவர் கையால் சாப்பிடமாட்டார் என்று தானே முடிவு செய்து, எங்கிருந்தோ ஒரு ஸ்பூனைத் தேடி எடுத்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்து நீட்டினார். சற்று முன்பு அதே துண்டால் அவர் எதைத் துடைத்தார் என்று நான் பார்த்திருந்தேன். கையாலேயே சாப்பிட்டேன். அவர் மனம் நொந்துபோய், மரியாதைக்கு ஈடாகக் கட்டிலில் ஒரு மெத்தையைப் போடச் சொன்னார். மூட்டைப்பூச்சிகள் அந்த மெத்தையோடுதான் வந்தன.

நான் எளிதில் குறை சொல்கிறவன் இல்லை. ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றேன். பால்மரம் வெட்டிப் பால் சேகரித்திருக்கிறேன், ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்திருக்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே கஞ்சியில் மிதப்பது பருப்பா புழுவா என்று பார்க்காமல் குடித்தேன். பிழைத்து வந்து ஈப்போவில் ஒரு சீனர் காப்பிக் கடையில் கோப்பை கழுவினேன், பிறகு பரிமாறினேன். இப்படிப்பட்டவன் உப்புமாவைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். கிடைக்காத இடத்தில் எதையும் சாப்பிடலாம். கிடைக்கிற இடத்தில் மோசமாகப் போட்டால் எனக்குக் கோபம் வரும்.

சொந்த ஊரைப் பார்க்க ஆசைப்பட்டு ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கப்பலேறி வருகிறவர்கள் இந்தப் பக்கமும் வருவார்கள். எங்கே உட்காரலாம், எங்கே உட்காரக் கூடாது என்று அவர்களுக்கு ஒருவர் சொல்ல வேண்டும். அதோடு எனக்கு ஒரு வேலையும் இருந்தது. அந்த வேலையும் இதே வேலைதான்.

ஈப்போ கடையில் என்னோடு வேலை செய்கிறவன் திம்மராயன். கெலமங்கலத்துப் பையனாக வந்தவன், இப்போது மீசையில் நரை. அவனுடைய அக்கா பாப்பம்மா, கணவர் இறந்த பிறகு ஓசூர்ப் பக்கம் தனியாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். நான் கப்பலேறும்போது அவளுக்காக அந்த அலாரம் கடிகாரத்தை என் கையில் கொடுத்துச் சொன்னான்:

"அக்கா கடையில நீங்க ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கண்ணா. உங்க நாக்கு சொன்னா நான் நம்பறேன். கடை நல்லாப் போவுதுன்னா சந்தோசம். சரியில்லன்னா மூடிட்டு, பேரிகையில கொழுந்தனார் வீட்டுக்குப் போயிடச் சொல்லிடுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க."

ஒரு பெண்ணின் பிழைப்பு இருப்பதா போவதா என்பதை என் நாக்கின் நுனியில் வைத்து அனுப்பிவிட்டான். கிருஷ்ணகிரித் தெருவில் மூட்டைப்பூச்சித் தடிப்பைச் சொறிந்துகொண்டு நடந்தபோது, எல்லாக் கடையும் இப்படித்தான் என்றால் அந்த அம்மாளிடம் போய் என்ன சொல்வேன் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

யோசனையைக் கலைத்தது மாம்பழ வாசனை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வைக்கோலைப் பரப்பி ஓர் அம்மாள் செந்தூராவைக் குவித்து வைத்திருந்தாள். ஒன்றை எடுத்துக் கத்தியால் கீறி, கேட்காமலே வாயருகே நீட்டினாள். "தின்னு பாத்துட்டு அப்புறம் பேசு." தின்றேன். பேசவில்லை. பை நிறைய வாங்கிக் கடிகாரத்தின் மேல் அடுக்கிக்கொண்டேன். கிருஷ்ணகிரிக்கு வருகிறவர்கள் விடுதிக்குப் போக வேண்டாம். இந்த அம்மாளிடம் போய், மரத்தடியில் உட்கார்ந்து, வயிறு நிறைய மாம்பழம் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம்.

நான் ஏறியது ராயக்கோட்டை வழியாகக் கெலமங்கலம் போகிற பஸ். ஓசூரில் எந்த இடம் என்று திம்மராயனுக்கே தெரியாது. கெலமங்கலத்தில் கேட்டால் சொல்வார்கள் என்றுதான் சொல்லியிருந்தான். கூடைக் கோழிகள், ராகி மூட்டைகள், ஓர் ஆடு, மீதி இடத்தில் நாங்கள். ஒரு பாலத்தருகே கண்டக்டர் இறங்கி, கூரையிலிருந்து யாருடைய மூட்டையையோ இறக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் பைக்குள் அலாரம் அடித்தது. டிரைவர் அதைக் கண்டக்டரின் மணி என்று எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். கண்டக்டர் ஏணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கத்தினார். அந்தச் சத்தத்தை டிரைவர் கூரையில் இருந்த யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த ஊரில்தான் நிறுத்தினார்.

கண்டக்டர் உள்ளே வந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஆடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பையைத் திறந்து காட்டினேன். பஸ் முழுக்கச் சிரிப்பு. பின் சீட்டில் ஒருவர் தெலுங்கில், "கண்டக்டரு இல்லாமயே வண்டி நல்லாத்தான போச்சு" என்றார். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள். அதனால் எனக்குப் புரிந்து, நானும் சிரித்து, கண்டக்டரிடம் இரண்டு மாம்பழம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டேன்.

கெலமங்கலத்தில் அன்று சந்தை. பசியோடு போய் ஒரு களிக் கடை முன்னால் உட்கார்ந்தேன். ராகிக் களியை உருண்டையாகப் பிடித்து, நடுவில் குழியிட்டுக் கொள்ளுக் குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள். நான் பிறந்ததிலிருந்து அரிசிச் சோறும் பஞ்ச காலத்தில் மரவள்ளிக் கிழங்கும் தின்றவன். வாயில் போட்டு மென்றேன். மெல்ல மெல்ல அது பல்லில் ஒட்டி, மேலண்ணத்தில் ஒட்டி, வாயைத் திறக்க முடியாமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த மாட்டுத் தரகர் தன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்.

"எந்த ஊரு மாடு இது, அசை போடுது?" என்றார்.

கடைக்காரி அவரை அதட்டினாள். "கம்முனு கெட. சாமி, அதை மெல்லக் கூடாது. குழம்புல தோச்சு முழுங்கு. தொண்டைக்கு வழி தெரியும்."

முழுங்கினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவது உருண்டையைக் கேட்டு வாங்கினேன். தரகர், "பழகிடிச்சி, வெலைக்குப் போவும்" என்று மெச்சினார்.

பாப்பம்மாவைப் பற்றிக் கேட்டதும் கடைக்காரியின் முகம் மலர்ந்தது. "பந்தி பாப்பம்மாவா? இந்தச் சுத்துப்பட்டுல அவளும் அவ வீட்டுக்காரரும் சமைக்காத கல்யாணம் ஏது? ஓசூருல பெங்களூரு ரோட்டுல, பஸ்ஸு நிக்கற எடத்துல கடை. அவ கையால சாப்பிட்டா வேற கையால சாப்பிடத் தோணாது."

தரகர் கை கழுவிக்கொண்டே, "பொழுது கெடக்கறவன்தான் அங்க போவணும்" என்றார். சொல்லிவிட்டுச் சந்தைக் கூட்டத்துக்குள் போய்விட்டார். 

ஓசூரில் இறங்கியபோது மாலை. மலாயாக்காரர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ரோட்டில் சில மைல் போனால் மைசூர் ராஜ்யம். அந்தப் பக்கம் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் திறந்திருக்கின்றன. இந்தப் பக்கம் மதுவிலக்கு. அதனால் காலையில் அந்தப் பக்கம் ஏதோ அவசர வேலையாகப் போகிறவர்கள் மாலையில் மிகுந்த சந்தோஷத்தோடு திரும்பி வருகிறார்கள். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் நின்று ஒவ்வொருவரையும் ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கடந்து போனவர் திரும்பி வந்து மூக்கை உறிஞ்சினார்.

"ஊது."

ஊதினேன். வாயில் கொள்ளு வாசனைதான். ஆனால் அவர் மூக்கு என் பையின் பக்கம் சாய்ந்தது. வெயிலிலும் நெரிசலிலும் நசுங்கிய மாம்பழங்கள் பைக்குள் புளித்துச் சாராய நெடி அடித்துக்கொண்டிருந்தன. திறந்து காட்டினேன். அவர் ஒன்றை எடுத்து முகர்ந்தார், அமுக்கிப் பார்த்தார், கொஞ்சம் யோசித்துக் கடித்தார்.

"இது குற்றத்துல வராது," என்று சொல்லிவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பகல், பாப்பம்மாவின் கடை. யாரென்று சொல்லாமல், சேலம் பஸ்ஸில் வந்து இறங்கிய கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போனேன். பெங்களூர் போகிற அந்தப் பஸ் சாப்பாட்டுக்காக அங்கே நிற்கிறது. நல்ல கல்லுக் கட்டடம், சாணம் மெழுகிய தரை, நீளமாகப் பாய். சுத்தம் கண்ணைப் பறித்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், முந்தானையை இழுத்துச் செருகிய ஒரு பெண் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்தாள். எல்லாரும் கை கழுவி வந்து உட்காரும்வரை ஓர் இலையும் போடவில்லை. பிறகு இலை. கடைசி இலை விழுந்த பிறகு தண்ணீர். பிறகு வரிசையின் முதலிலிருந்து கடைசி வரை உப்பு. திரும்ப முதலுக்குப் போய் மாங்காய்ப் பச்சடி. திரும்ப முதலுக்குப் போய்ப் புளிச்சக்கீரை. வேறு ஆள் இல்லை. அவள் ஒருத்திதான் குனிந்து குனிந்து போய் வந்தாள். சோறு எங்கே என்று யாரோ கேட்டதற்கு, "வரிசையில வருங்க" என்றாள்.

கீரை கடைசி இலைக்கு வந்த நேரத்தில் வெளியே ஹாரன் அடித்தது.

விஷயம் இதுதான். ரோட்டோரக் கடைகளில் எங்கும் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள் அறையில் முதலில் இலை போட்டுவிடுவார்கள். அது மரியாதை. பாப்பம்மாவும் எங்களை உட்காரவைக்கும் முன்பே அவர்களுக்குக் களி, குழம்பு, மோர் எல்லாம் போட்டு முடித்துவிட்டாள். அவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது நாங்கள் கீரையில் இருந்தோம்.

வரிசை கலைந்தது. ஒருவர் இலையோடு எழுந்து ஓடினார். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் நின்ற இடத்திலேயே கத்தினார்: "ஏம்மா, உப்பை நக்கிட்டுப் பெங்களூருக்குப் போவவா சேலத்துலேர்ந்து வந்தேன்?" காசு எடுத்து நீட்டியவர்களிடம் பாப்பம்மா வாங்க மறுத்துவிட்டாள். பாதி இலைக்குக் காசு வாங்கும் வழக்கம் அவளுக்கு இல்லையாம்.

கண்டக்டர் படியில் நின்றபடி சொன்னார். ஆள் நல்லவர்தான், குரலில் சங்கடம் இருந்தது. "அக்கா, தினம் ஏச்சு வாங்கறது நானு. பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடைக்காரன் கூப்பிட்டுக்கினே இருக்கான். நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். நாளைக்கும் இதே கூத்துன்னா வண்டி இங்க நிக்காது."

வண்டி போயிற்று. அந்தப் பஸ் இல்லாவிட்டால் அந்தக் கடைக்கு வருகிறவர்கள் யாரும் இல்லை என்பதை நான் ஒரு பார்வையில் தெரிந்துகொண்டேன். பாய் முழுக்க உப்பும் கீரையும் வைத்த இலைகள். ஈப்போவுக்குச் சொல்ல வேண்டிய பதில் என் வாயில் தயாராக இருந்தது: இந்தப் பயணத்தில் பார்த்த கடைகளிலேயே ஒதுங்கக் கூடாத கடை, உன் அக்கா கடைதான்.

"நீங்க பஸ்ஸுல போவலியா?" என்றாள்.

"இல்லம்மா. சாப்பிட வந்தேன்."

"அப்போ உக்காருங்க." ஒற்றை ஆளுக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். தண்ணீர், உப்பு, பச்சடி, கீரை, களி, கொள்ளுக் குழம்பு, சோறு, ரசம், மோர். களியை மெல்லாமல் முழுங்கியதைப் பார்த்து, ஊர்க்காரன்தான் என்று நினைத்திருப்பாள். எனக்கு அந்தக் குழம்பைப் பற்றி எழுதத் தெரியாது. சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"திம்மராயன் கொடுத்தான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கடிகாரத்தைத் தொடாமல் என்னைப் பார்த்தாள். "தம்பி நல்லா கீறானா? தலை நரைச்சிடுச்சா?" எல்லாம் கேட்டாள். எல்லாம் சொன்னேன். கடைசியில், "இன்னா சொல்லி அனுப்பிச்சான்? கடையை மூடச் சொன்னானா?" என்றாள்.

பொய் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. "சரியில்லன்னா பேரிகைக்குப் போகச் சொன்னான்."

"சரியா கீதா?"

"சமையல் நல்லா இருக்கு, அக்கா. பரிமாறுறது ரொம்ப மோசம்."

அவள் கோபப்படவில்லை. எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே பேசினாள். "பேரிகையில எனக்கு இன்னா வேலை தெரியுங்களா? கொழுந்தன் வீட்டுல எல்லாருக்கும் ஆக்கிப் போட்டுட்டு, எல்லாரும் எழுந்த பொறவு, அடுப்பாண்ட உக்காந்து சட்டியை வழிச்சு ஒண்டியாத் திங்கறது. ஊருக்கே பந்தி வெச்சவ நானு. அங்க போவறதுக்கு..." அடுத்த இலையை இறுக்கி மடக்கினாள்.

"அப்படின்னா பரிமாறுற முறையை மாத்துங்க. ஈப்போவுல எங்க கடையில முதலாளி நடுவுல நின்னு கத்துவார். வந்தவனுக்கு வந்த உடனே. யார் முதல்ல, யார் கடைசின்னு இல்ல. கேட்டவனுக்குக் கேட்டது." எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். சீனத்தில் நாலு காப்பி, இரண்டு ரொட்டி என்று கூவினேன்.

சிரித்துவிட்டாள். "இது கடையா, ஏலமா? ஒருத்தன் இலையில சோறு கெடக்க, பக்கத்துல ஒருத்தன் வெறும் இலையைப் பாத்துக்கினு உக்காரலாமா? அது எனக்கு வராதுங்க."

"அப்போ டிரைவருக்கு முதல்ல போடுறதையாவது நிறுத்துங்க."

"டிரைவருக்குப் போடாமயா? எந்தக் கடையில நடக்குது அது? மரியாதை வேணாமா?" இப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "இந்தச் சனங்களுக்குப் பந்தியில உக்காரவே தெரியல. கல்யாணத்துல இப்படி எழுந்து ஓடுவாங்களா? சம்பந்தி எழுந்திருக்காம ஒருத்தன் எழுந்திருப்பானா? சம்பந்தியும்தான், கடைசி ஆளு மோர் குடிச்சாச்சான்னு பாத்துட்டுத்தான எழுந்திருப்பாரு?"

"இங்கே சம்பந்தி யாரு, அக்கா?"

"இங்க ஏது சம்ப..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். உள் அறையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே டிரைவரின் இலையும் கண்டக்டரின் இலையும் இன்னும் கிடந்தன. இரண்டும் சுவரைப் பார்த்துப் போட்ட இலைகள்.

அவள் போய் அந்த அறைக்குள் விறகை அள்ளிப் போட ஆரம்பித்தாள். நானும் கூட அள்ளிப் போட்டேன். கதவு மூட முடியாத அளவுக்கு அடுக்கினோம். வேலை முடிந்ததும் கடிகாரத்தை எடுத்து ராகிப் பானைக்குள் வைத்து மூடினாள். சாப்பிடுகிறவர்கள் எதிரில் நேரம் தெரியக் கூடாதாம்.

"பரிமாற இருந்த பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா. நாளைக்கு ஒரு கை வேணும்," என்றாள். "உங்களுக்குக் குனியத் தெரியுமா?"

"தோட்டத்துல பொறந்தவன், அக்கா."

மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு வேலையில் சேர்ந்தேன். துண்டைத் தோளில் போடாதே, இடுப்பில் கட்டு என்றாள். கிருஷ்ணகிரி முதலாளியை நினைத்துக்கொண்டு கட்டினேன்.

பஸ் வந்தது. டிரைவர் பெரிய மீசைக்காரர். வழக்கம்போல நேராக உள் அறைக்குப் போய் விறகைப் பார்த்துத் திகைத்து நின்றார். "எங்க என் இலை?"

பாப்பம்மா செம்பில் தண்ணீரோடு போய் அவர் கையில் ஊற்றினாள். "இன்னிக்கு நீங்கதாண்ணா தலை இலை. வந்து பந்தியில உக்காருங்க."

"நானா? இந்தக் கும்பல்லயா?" என்று மீசையைத் தடவினார். வரிசையில் உட்காரப்போனவர்கள் நின்று பார்த்தார்கள். நடுவில் ஒருவர் துண்டால் பாயைத் தட்டிவிட்டு, "வாங்க சம்பந்தி, நீங்க உக்காந்தாத்தான் நாங்க உக்காருவோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் வெட்கப்பட்டார். அவ்வளவு பெரிய ஆள் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. போய் முதல் இலையில் உட்கார்ந்தார். கண்டக்டர் வேறு வழியில்லாமல் கடைசி இலையில் உட்கார்ந்தார்.

தண்ணீர், உப்பு, பச்சடி. நான் பின்னாலேயே கீரை வாளியோடு ஓடினேன். அவசரத்தில் ஓர் இலையைத் தாண்டிவிட்டேன். "வரிசை," என்று முதுகுக்குப் பின்னால் ஒரே சொல் வந்தது. திரும்பிப் போய்ப் போட்டேன். குழம்பு வாளியைத் தூக்கும்போது ஒருவர் முழங்காலில் கொஞ்சம் சிந்தினேன். அவர் தெலுங்கில் என் முன்னோர்களைப் பற்றி ஏதோ சொன்னார். புரியாதவன்போல் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

டிரைவர் வேகமாகத்தான் சாப்பிட்டார். அது தொழில் பழக்கம். களி முடிந்து சோறும் முடிந்ததும் முழங்காலை ஊன்றி எழப்போனார். வரிசை முழுக்கத் தலைகள் திரும்பின. இன்னும் பாதிப் பேர் ரசத்துக்கு வரவில்லை. பாப்பம்மா ஓடவில்லை, நடந்து போய் அவர் இலையில் இன்னொரு கரண்டி மாங்காய்ப் பச்சடியை வைத்தாள். "சம்பந்தி எழுந்திருச்சா பந்தி கலைஞ்சிடுமேண்ணா."

அவர் பச்சடியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். ஒரு கைக்குழந்தைக்காரி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நான் ரோட்டுக்கு வந்த நாளிலேர்ந்து சுவத்தைப் பாத்துத்தான் தின்னிருக்கேன்," என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். "மனுசங்க திங்கறதைப் பாக்கறதே ஒரு இதாத்தான் இருக்கு."

அந்த நேரத்தில் ராகிப் பானைக்குள் அலாரம் அடிக்கத் தொடங்கியது. மூடி நடுங்கியது. எல்லாருடைய கையும் நின்றது. நேற்று ஹாரன் கேட்டு எழுந்து ஓடியவர்கள் யாரும் அங்கே இல்லை, ஆனாலும் மணி அடித்தால் எழுந்திருப்பது பஸ்ஸில் போகிறவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. பாதி எழுந்தவர்கள் டிரைவரைப் பார்த்தார்கள்.

டிரைவர் அசையவில்லை. "அது நம்ம வண்டி மணி இல்ல. யாரோ வூட்டு மணி. உக்காருங்க. ஏம்ப்பா, மோர் கொண்டா."

மோர் கொண்டுபோனேன். வரிசையின் கடைசி வரை ஊற்றினேன். டிரைவர் கழுத்தை நீட்டி, "எல்லாருக்கும் ஆச்சா?" என்று கேட்டார். கடைசி இலையிலிருந்து, வாய் நிறையச் சோற்றோடு, "இருங்கண்ணா" என்று ஒரு குரல் வந்தது. அது கண்டக்டர்.

எல்லாரும் ஒன்றாக எழுந்தார்கள். எல்லாரிடமும் பாப்பம்மா காசு வாங்கினாள். கண்டக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "நேரமாயிடுச்சி" என்று முறைப்பாகச் சொல்லப் பார்த்தார். டிரைவர் அவர் தோளில் தட்டினார். "அத்திப்பள்ளி தாண்டிட்டா ரோடு நேராக் கெடக்கு. புடிச்சிக்கலாம் வா." கண்டக்டர் படியில் கால் வைத்துத் திரும்பினார். "அக்கா, நாளைக்கு எனக்கு நடுவுல ஒரு எலை போடு. கடைசியில எனக்கு ரசம் வர்றதுக்குள்ள பிராணன் போயிடுது."

பாப்பம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அடுப்பருகே போய் மறுநாளைக்குக் கொள்ளை அளந்து ஊறப்போட்டாள். அன்று இரவு திம்மராயனுக்குக் கடிதத்தில் என்ன எழுதட்டும் என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

பஸ் கிளம்பியது. குழம்பு சிந்திய முழங்கால்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில் சொல்லிக்கொண்டு போனது எனக்கு நன்றாகவே கேட்டது. "சாப்பாடு அமிர்தம். ஆனா அந்த ஒல்லிப்பிச்சான் சர்வர் இருக்கற கடைக்கு மட்டும் மறுபடி வரவே கூடாது."

ரோட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

"சிரிச்சது போதும்," என்றாள் பாப்பம்மா உள்ளேயிருந்து. "எச்சில் இலையை யாரு எடுப்பாங்க?"

போய் எடுத்தேன்.